60 சதம் போய் 0.04 சதம் வந்தது: கூரையில் இருக்கிற பனலை இனி என்ன செய்யிறது?



இந்தக் கிழமை எபிசோட்டில் வீட்டுச் சோலார் பற்றிக் கதைத்தோம். ஒலியில் கணக்குச் சொன்னால் ஒருத்தருக்கும் நினைவில் நிற்காது. அதனால் கணக்கு எல்லாவற்றையும் இங்கே எழுதுறேன். எழுத்தில் இருந்தால் அப்பாவுக்கு முன்னால் ஃபோனை நீட்டி "இதைப் பாருங்கோ" எண்டு காட்டவும் வசதி. எங்கட வீடுகளில் கரண்ட் பில், கோட்டேசன், அரசாங்கக் கடிதம் எல்லாவற்றையும் வாசித்து விளங்கப்படுத்துற வேலை கடைசியில் உங்களிட்டத்தானே வந்து சேருது.

ஒரு இலக்கத்தோடு தொடங்குவம்: 0.04.

விக்டோரியாவின் அத்தியாவசிய சேவைகள் ஆணையம் 2025-26ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்ட குறைந்தபட்ச ஃபீட்-இன் தொகை அது. உங்கட கூரையில் விளைந்து, வீட்டில் செலவாகாமல், வீதிக் கம்பிக்குப் போகிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் 0.04 சதம். நாலு சதம் இல்லை. ஒரு சதத்தை இருபத்தைந்தாகப் பிரித்தால் வருகிற ஒரு துண்டு.

2009 நவம்பரில் விக்டோரியா அரசாங்கம் பிரீமியம் ஃபீட்-இன் திட்டத்தைத் தொடங்கியபோது அதே யூனிட்டுக்கு 60 சதம் கொடுத்தது. கடையில் விற்கிற விலையை விட வாங்குகிற விலை கூட! டண்டினொங், நோபிள் பார்க், கீஸ்பரோ பக்கம் அந்த நேரம் பனல் போட்ட அப்பாமார் எல்லாரும் "கூரை உழைக்குது" என்று பெருமைப்பட்டதில் பிழை இல்லை. 2011 கடைசியோடு புதிய ஆட்களைச் சேர்ப்பது நின்றது. ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கு 2024 நவம்பர் 1 வரை ஓடியது. பிறகு வந்தவர்களுக்குக் கிடைத்தது ஒரு இறங்குபடி: 2017-18இல் 11.3 சதம், 2019-20இல் 12, 2021-22இல் 6.7, 2023-24இல் 4.9, 2024-25இல் 3.3. அதற்கு அடுத்த படியில்தான் இந்த 0.04.

கணக்கைப் போட்டுப் பாருங்கோ. மெல்பேணில் ஒரு கிலோவாட் பனல், வருடச் சராசரியாக நாளுக்கு 3.6 யூனிட் அளவில் தரும். சிட்னியில் கொஞ்சம் கூட, 3.9. ஆகவே வழக்கமான 6.6 கிலோவாட் சிஸ்டம் மெல்பேணில் நாளுக்கு 23, 24 யூனிட். அதில் 15 யூனிட் வெளியே போகுது என்று வைத்துக்கொள்ளுங்கோ. வருடத்துக்கு 5,475 யூனிட். 60 சதக் காலத்தில் அது 3,285 டொலர். 3.3 சதத்தில் 180 டொலர். 0.04 சதத்தில் 2 டொலர் 19 சதம். ஒரு கோப்பிக்குக்கூடப் போதாது.

ஏன் இப்படி விழுந்தது? கள்ளம் ஒன்றும் இல்லை. அவுஸ்திரேலியாவில் சோலார் போட்ட கூரைகள் 2024 கடைசியில் 40 லட்சத்தைத் தாண்டிவிட்டன. ஏறத்தாழ மூன்று வீட்டுக்கு ஒன்று. வெயில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில்தான் அடிக்குது. வசந்த காலத்து ஞாயிற்றுக்கிழமை மதியம், வெளியில் நல்ல வெயில், ஏசி தேவையில்லாத குளிர்ச்சி, தொழிற்சாலைகள் பூட்டு. அந்த நேரம் மொத்தச் சந்தையில் கரண்டின் விலை சுழியத்துக்குக் கீழேயும் போகும். மாம்பழக் காலத்தில் ஊரில் மாம்பழம் விற்கப் போன கதைதான். பின்னேரம் ஆறு மணிக்கு எல்லாரும் வீட்டுக்கு வந்து அடுப்பையும் ஹீட்டரையும் போடும்போது பனல் படுத்துவிடும், லட்ரோப் வலி நிலக்கரியும் எரிவாயுவும் ஓடும், விலை ஏறும்.

இதைக் கேட்டதும் "அப்ப சோலார் இனி வேஸ்ட்" எண்டு சொல்லுறவை கனபேர். நான் அப்படி நினைக்கவில்லை. விற்பதற்கான கரண்டுக்குத்தான் மதிப்புப் போனது. நீங்கள் கடையில் வாங்காமல் தவிர்க்கிற கரண்டுக்கு இன்னும் 30 சதத்துக்குக் கிட்ட மதிப்பு இருக்கு. உங்கட பில்லில் யூனிட் விலையைப் பாருங்கோ. ஆக, கேள்வி மாறிவிட்டது. முந்தி "எவ்வளவு விளையும்?" இப்ப "எப்ப விளையும், அந்த நேரம் வீட்டில் ஆர் இருக்கினம்?"

பனலுக்குள்ளே என்ன மாறினது

2010 அளவில் போட்ட கனக்க சிஸ்டங்கள் 1.5 கிலோவாட். அதற்கு ஒரு காரணம் இருந்தது: மத்திய அரசாங்கத்தின் மானியம் முதல் 1.5 கிலோவாட்டுக்குத்தான் ஐந்து மடங்காகக் கணக்கிடப்பட்டது. 60 சதத் திட்டத்தில் இருந்தவர்கள் பிறகு பனலைக் கூட்டினால் அந்தச் சலுகை போய்விடும் என்பதால் ஒருத்தரும் தொடவும் இல்லை. பதினைந்து வருடமாக அந்தச் சின்ன சிஸ்டம் அப்படியே கூரையில் உறைந்துபோய் இருக்கிறதன் கதை இதுதான்.

அந்தக் காலத்துப் பனல் ஒன்று 190 வாட் என்று எடுத்தால் எட்டுப் பனல், ஏறத்தாழ 10 சதுர மீற்றர் இடம். விழுகிற வெயிலில் 15 வீதத்தைக் கரண்டாக மாற்றியது. இன்றைய பனல் ஒன்று 440 வாட், இரண்டு சதுர மீற்றர், 22 வீதம். அதே 10 சதுர மீற்றரில் ஐந்து பனல் போட்டால் 2.2 கிலோவாட். நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் வாட்ஸப்பில் வருகிற விளம்பரங்கள் சொல்கிற மாதிரி "புரட்சி" இல்லை. உண்மையான புரட்சி விலையில் நடந்தது. 2010க்குப் பிறகு வந்த பத்து வருடத்தில் பனல் விலை 90 வீதம் அளவுக்கு விழுந்தது.

அந்த விலைச் சரிவுக்குப் பின்னால் இருக்கிற கதை சிட்னியில் தொடங்குது, இதைத் தெரியாத சிட்னிப் பிள்ளைகளே கனபேர். 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடம் செய்த முதல் நடைமுறைச் சிலிக்கன் செல் 6 வீதம். 20 வீதத்தை முதலில் தாண்டியது 1985இல், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில், மார்ட்டின் கிரீனின் குழு. கென்சிங்டனில், கூஜி பீச்சுக்குப் பக்கத்தில். 1989இல் அதே குழு 22.8 வீதத்தில் ஒரு செல்லை வெளியிட்டது. அந்த வடிவமைப்பின் பெயர் பேர்க்.

அதில் என்ன விசேஷம்? வெயில் பட்டதும் சிலிக்கனுக்குள் எலக்ட்ரோன்கள் விடுபட்டு ஓடத் தொடங்கும். அவை கம்பிக்கு வந்து சேர்ந்தால் கரண்ட். பழைய செல்லின் பின்பக்கம் முழுக்க உலோகம் பூசியிருக்கும். அந்த உலோகத்தைத் தொட்ட இடத்தில் எலக்ட்ரோன்கள் கொஞ்சம் வீணாக அடங்கிப் போகும், அடியில் கசிகிற வாளி மாதிரி. பேர்க் செய்தது, பின்பக்கத்துக்கு ஒரு மெல்லிய காப்புப் படலம் பூசி, உலோகம் தொடுவதற்குச் சின்னச் சின்னத் துவாரங்களை மட்டும் விட்டது. கசிவு குறைந்தது. வேலை செய்யாமல் பின்னால் வெளியேறிய ஒளியும் திருப்பி உள்ளே அடிக்கப்பட்டது.

ஆய்வுகூடத்தில் 1989. ஆனால் தொழிற்சாலையில் இது பெருமளவில் வந்தது 2010களின் பிற்பகுதியில். இடையில் முப்பது வருடம்! மார்ட்டின் கிரீனிடம் முனைவர் பட்டம் படித்த ஷி ஜெங்ரோங் 2001இல் சீனாவின் வூஷி நகரத்தில் சன்டெக் கம்பனியைத் தொடங்கினார். 2005இல் அது நியூயோர்க் பங்குச் சந்தைக்குப் போனது. 2013இல் அதன் வூஷிப் பிரிவு கடனில் மூழ்கித் திவாலானது. ஆனாலும் அதற்குள் சீனாவில் ஒரு முழுத் தொழிலே வளர்ந்துவிட்டது. 2023இல் மார்ட்டின் கிரீன், அண்ட்ரூ பிளேக்கர்ஸ், ஐஹுவா வாங், ஜியன்ஹுவா ஷாவோ நாலு பேருக்கும் பொறியியலுக்கான எலிசபெத் மகாராணி பரிசு கிடைத்தது. கண்டுபிடிப்பு இங்கே, தொழிற்சாலை அங்கே. இன்று அவுஸ்திரேலியாவில் பனல் செய்கிற கம்பனி என்று சொல்ல அடிலெய்ட்டில் இருக்கிற டின்டோதான் இருக்கு. இது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் தருகிற விஷயம்; எபிசோட்டில் இதைப் பற்றிக் கனக்கக் கத்திவிட்டதால் இங்கே விடுறேன்.

பேர்க்கின் காலமும் இப்போ முடியுது. கோட்டேசனில் "டொப்கொன்" அல்லது "என்-டைப்" என்று இருந்தால் அது அடுத்த தலைமுறை. ஜேர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வுகூடத்தில் இருந்து வந்த யோசனை. அதில் துவாரம்கூட இல்லை. ஒன்றிரண்டு நனோமீற்றர் தடிப்பான ஒரு ஒக்சைட் படலம் மட்டும். எலக்ட்ரோன் அதை ஊடுருவிப் போகும், மற்றவை நிற்கும். சிலிக்கனில் போரோனுக்குப் பதில் பொஸ்பரஸ் சேர்ப்பதால், வெயிலில் வைத்த முதல் நாட்களிலேயே வலு குறைகிற பழைய வியாதியும் பெரும்பாலும் போய்விட்டது.

மெல்பேண் ஆட்களுக்கு இதில் முக்கியமான இலக்கம் வேறு ஒன்று. சூடு. பனலுக்கு வெளிச்சம்தான் விருப்பம், சூடு விருப்பமில்லை. வலு அளக்கிறது 25 பாகையில். 40 பாகை ஜனவரி நாளில் கூரைப் பனல் 65 பாகைக்குப் போகும், அதாவது 40 பாகை கூட. பழைய பனல் ஒவ்வொரு பாகைக்கும் 0.45 வீதம் அளவில் இழக்கும். மொத்தம் 18 வீதம் போச்சு. பேர்க் 0.35, 14 வீதம். டொப்கொன் 0.3, 12 வீதம். ஹெட்டரோஜங்ஷன் என்று ஒன்று இருக்கு, அது 0.25 அளவில், 10 வீதம்தான். ஏசி தேவைப்படுகிற அதே நேரத்தில் இந்த வித்தியாசம் வருவதால் இதற்கு மதிப்பு இருக்கு. விவரத்தாளில் "டெம்பரேச்சர் கோஎஃபிஷியன்ட்" என்ற வரியைத் தேடுங்கோ.

"பெரோவ்ஸ்கைட் வருதாம், அதுவரை பொறுப்பமா?" என்று கேட்டவர்களுக்கு: தனிச் சிலிக்கனின் உச்சவரம்பு 29 வீதத்துக்குக் கிட்ட. சிலிக்கனுக்கு மேல் பெரோவ்ஸ்கைட் படலம் வைத்த செல்லில் லோங்கி கம்பனி 34 வீதத்தைத் தாண்டிக் காட்டியிருக்கு. ஆனால் அது ஆய்வுகூடத்தில், சின்னத் துண்டில். ஈரத்துக்கும் சூட்டுக்கும் அது எத்தனை வருடம் தாங்கும் என்பதுதான் பிரச்சினை. கூரையில் 25 வருடம் இருக்க வேண்டிய பொருள் இது. பொறுக்காதேங்கோ.

அம்மம்மா வீட்டில் இருக்கிறா என்றால்

சோலார் விற்பனைக் கணக்குகள் எல்லாம் பகலில் வீடு காலி என்று நினைத்துத்தான் போடப்படுது. எங்கட வீடுகள் அப்படியில்லை. அம்மம்மாவோ அப்பப்பாவோ பகலில் இருப்பினம். சோறும் கறியும் மதியத்துக்கு முன்னம் அடுப்பில் ஏறும். தோசைக்கு அரைக்கிறது, உடுப்புத் தோய்க்கிறது எல்லாம் பகலில் நடக்கும். நைட் ஷிஃப்ட் முடித்து வருகிற அப்பா பகலில் ஹீட்டரைப் போட்டுவிட்டுப் படுப்பார். அந்த நேரத்துக் கரண்ட் எல்லாம் கூரையில் இருந்து நேரே வருகிறது. ஒவ்வொரு யூனிட்டும் 30 சதம் மிச்சம். எங்கட கூட்டுக்குடும்ப வாழ்க்கையை மெச்சுகிற தொழில்நுட்பம் ஒன்றைக் கடைசியாகக் கண்டுபிடித்திருக்கினம்.

பற்றரி வாங்க முதல் சுடுதண்ணித் தாங்கியைப் பாருங்கோ. 300 லீற்றர் தண்ணியை 40 பாகை சூடாக்க 14 யூனிட் வேணும். அதாவது சாதாரண மின்சாரத் தாங்கி ஒன்று, 14 யூனிட் பற்றரி மாதிரி. அதை இரவில் அல்லாமல் காலை 10 மணிக்கும் பின்னேரம் 3 மணிக்கும் இடையில் ஓட வைக்க வேண்டியது ஒரு டைமர், அதைப் பூட்ட ஒரு எலக்ட்ரீஷியன். ஹீட் பம்ப் என்றால் மூன்றில் ஒரு பங்குக் கரண்டோடு அதே தண்ணி சூடாகும்.

ஆனால் மெல்பேண் வீடுகளில் கனக்க இன்னும் காஸ் சுடுதண்ணிதான். 2027 மார்ச் 1 முதல், விக்டோரியாவில் பழுதாகி மாற்ற வேண்டி வருகிற காஸ் சுடுதண்ணி சிஸ்டங்களுக்குப் பதிலாக மின்சாரத்தில் ஓடுகிறதைத்தான் போட வேணும் என்று அரசாங்கம் அறிவித்திருக்கு. உங்கட வீட்டுச் சிஸ்டம் பதினைந்து வயதைத் தாண்டி இருந்தால், அது குளிர்காலத்து நடு இரவில் செத்துப்போக முதல் யோசிக்கிறது நல்லது.

இன்னொன்று: 60 சதக் காலத்தில் எல்லாப் பனலும் வடக்குப் பார்த்துப் போட்டினம், ஆகக் கூட விளையும் என்பதால். இப்போ மேற்குப் பக்கக் கூரைக்கு மதிப்பு வந்திருக்கு. மொத்த விளைச்சல் குறையும், ஆனாலும் பின்னேரம் ஐந்து, ஆறு மணிக்கு, அடுப்பு எரிகிற நேரத்தில் வரும்.

பற்றரி

2025 ஜூலை 1 முதல் மத்திய அரசாங்கம் வீட்டுப் பற்றரிக்கு 30 வீதம் அளவில் தள்ளுபடி கொடுக்குது. சனம் பாய்ந்து விழுந்தது. விற்பனையாளர்களும் பெரிசு பெரிசாக விற்றினம், 30 யூனிட், 40 யூனிட் என்று. திட்டத்துக்கு ஒதுக்கிய 2.3 பில்லியன் டொலர் போதாமல் 2025 டிசம்பரில் அதை ஏறத்தாழ 7.2 பில்லியனாகக் கூட்டி, விதியையும் மாற்றிச்சினம்: 2026 மே 1 முதல் முதல் 14 யூனிட்டுக்கு முழுத் தள்ளுபடி, 14க்கு மேல் 28 வரை 60 வீதம்தான், அதற்கு மேல் 50 வரை 15 வீதம்தான். பெரிய பற்றரிக்கு அரசாங்கமே முகம் சுளிக்கத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கோ.

அதில் நியாயம் இருக்கு. மெல்பேண் ஜூன் மாதத்தில் 6.6 கிலோவாட் பனல், வருடச் சராசரியில் பாதி அளவுக்குத்தான் தரும். 11, 12 யூனிட். அதில் பகல் செலவு போக மிஞ்சுகிறதைக் கொண்டு 40 யூனிட் பற்றரியை எதால் நிரப்புறது?

ஒரு உதாரணம். பற்றரி நாளுக்கு 10 யூனிட்டைச் சேமித்து இரவுக்குத் தருது, மழை, குளிர் நாட்களைக் கழித்து வருடத்துக்கு 270 நாள் முழுதாக வேலை செய்யுது என்று வைப்பம். ஒரு நாளுக்கு 3 டொலர், வருடத்துக்கு 810 டொலர். தள்ளுபடிக்குப் பிறகு உங்கட கோட்டேசன் 8,000 டொலர் என்றால், முதல் திரும்ப வர பத்து வருடத்துக்குக் கிட்ட. பற்றரிக்குக் கொடுக்கிற உத்தரவாதமும் வழக்கமாகப் பத்து வருடம்தான். இதை வைத்து "வேண்டாம்" என்று நான் சொல்ல வரவில்லை. பின்னேரத்தில் கரண்ட் விலை கூடுகிற பிளானில் இருந்தாலோ, இரவில் மின்சாரக் கார் சார்ஜ் பண்ணினாலோ கணக்கு மாறும். ஆனால் "மூன்று வருடத்தில் காசு திரும்பிவிடும்" எண்டு ஆராவது சொன்னால், எந்த யூனிட் விலையை வைத்து எண்டு கேளுங்கோ.

கரண்ட் போனால் என்ன நடக்கும்

எபிசோட்டுக்குப் பிறகு கூட வந்த கேள்வி இதுதான். பதில் கனபேருக்கு அதிர்ச்சி: வீதியில் கரண்ட் போனால், பட்டப் பகல் வெயிலிலும் உங்கட சோலாரும் நின்றுவிடும்.

இது பழுது இல்லை, வேண்டுமென்றே செய்கிறது. வெளியில் கம்பியைத் திருத்த ஏறுகிறவர், லைன் செத்திருக்கு என்று நினைத்துத் தொடுவார். அந்த நேரம் உங்கட கூரையில் இருந்து கரண்ட் வந்தால் அவர் உயிருக்கு ஆபத்து. அதனால் இன்வேட்டர், வீதிக் கரண்டைக் காணாவிட்டால் உடனே தன்னை நிறுத்தவேண்டும் என்பது சட்டம். 2021 ஜூன் புயலில் டண்டினொங் மலைப் பக்கம், ஒலிண்டா, கலோரமாவில் மரங்கள் விழுந்து சில வீடுகளுக்குக் கிழமைக்கணக்கில் கரண்ட் இல்லை. 2024 பெப்ரவரி 13 புயலில் விக்டோரியா முழுக்க ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருட்டில். பனல் இருந்தவர்களும் மெழுகுதிரிதான் கொளுத்தினார்கள்.

பற்றரி போட்டால் சரியா? தானாகச் சரியாகாது. சில சிஸ்டத்தில் கரண்ட் போன நேரத்தில் வீட்டை வீதியில் இருந்து பிரித்து ஓட வைக்கிற பகுதி தனிக் காசு. அது இல்லாமல் பூட்டின பற்றரி, நிறைய இருந்தும் உங்களுக்கு உதவாது. கோட்டேசனில் மூன்று விஷயம் எழுத்தில் இருக்க வேணும்: கரண்ட் போனால் பற்றரி வேலை செய்யுமா, வீட்டில் எந்த எந்த லைனுக்கு, பற்றரி வெறுமையானால் அடுத்த நாள் வெயிலில் தானே நிரம்பி எழும்புமா. வீட்டில் ஒட்சிசன் மெஷினோ, இன்சுலின் வைக்கிற ஃபிரிட்ஜோ இருந்தால் இது ஆடம்பரம் இல்லை.

இந்தப் பகுதியை அம்மா அப்பாவோடு கதைத்துப் பாருங்கோ, பில் பற்றின கதையை விட நீளமாகப் போகும். 1990களில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாமலே வளர்ந்த தலைமுறை அவை. மண்ணெண்ணெய் கிடைக்காத நேரம் ஜாம்போத்தல் விளக்கு. செய்தி கேட்க, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும். சும்மா சொல்லவில்லை, உங்கட மாமாமாரைக் கேளுங்கோ, ஆர் சுற்றினது எண்டு சண்டையே வரும். பற்றரிக்குப் பத்து வருடக் கணக்குப் பார்க்காமல் "கரண்ட் போகக்கூடாது" என்று அவை உடனே கையெழுத்துப் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். விற்க வருகிறவருக்கும் அது தெரியும்.

ஊரில் இப்போ கதை தலைகீழ். 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிறு, இலங்கை முழுக்க கரண்ட் போனது. பாணந்துறை உபநிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்று உலகமே சிரித்தது. ஆனால் மின்சார சபை பிறகு சொன்ன விளக்கத்தில் இன்னொரு விஷயம் இருந்தது: ஞாயிறு என்பதால் தேவை குறைவு, சோலார் நிறைய, அதனால் ஒரு சின்ன அடியைத் தாங்க வலையமைப்புக்குப் பலம் இல்லை. அந்த ஏப்ரல் புதுவருட விடுமுறையில், கூரைச் சோலார் வைத்திருப்பவர்கள் பின்னேரம் 3 மணி வரை அதை நிறுத்தி வைக்கச் சொல்லிச் சபை கேட்டது. 2022இல் டீசல் இல்லாமல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டின அதே நாட்டில்!

இங்கே அதே வேலையைக் கேட்டுச் செய்வதில்லை. 2024 அக்டோபர் 1 முதல் விக்டோரியாவில் பூட்டுகிற ஒவ்வொரு புது வீட்டுச் சிஸ்டமும், அவசர நேரத்தில் மின்விநியோகக் கம்பனி தூரத்தில் இருந்தே குறைக்கவோ நிறுத்தவோ கூடியதாக இணையத்தோடு இணைந்திருக்க வேணும். வீட்டு வைஃபை மாற்றினால் இன்வேட்டரையும் திருப்பி இணையுங்கோ. இல்லாவிட்டால் வெளியே அனுப்புகிற அளவைக் குறைத்துவிடுவார்கள்.

"எங்கட ஆள்தான்"

எங்கட சனம் பனல் வாங்குவது தெரிந்த அண்ணா ஒருவர் ஊடாக, கோயிலில் கண்ட அங்கிள் ஊடாக. அதில் பிழை இல்லை, ஆனால் "எங்கட ஆள்தான்" என்பதற்காக எழுத்தில் ஒன்றும் வாங்காமல் விடாதேங்கோ. பூட்டுகிறவருக்கு சோலார் அக்ரெடிட்டேஷன் அவுஸ்திரேலியாவின் அங்கீகாரம் இருக்கா என்று பாருங்கோ. 2024 மே கடைசியில் இருந்து அந்தப் பொறுப்பு அவர்களிடம். 25 வருட உத்தரவாதம் என்றால் எதற்கு? பனல் இவ்வளவு வீதம் வலுவைத் தக்கவைக்கும் என்பதற்கு ஒரு உத்தரவாதம், பொருள் பழுதானால் மாற்றித் தருவதற்கு இன்னொன்று, பூட்டின வேலைக்கு மூன்றாவது. பூட்டின கம்பனி பேரை மாற்றிக்கொண்டு மறைந்தால் மூன்றாவது போச்சு. கேட்காமல் கதவைத் தட்டியோ ஃபோன் பண்ணியோ விற்றிருந்தால், கையெழுத்துப் போட்டதற்குப் பிறகும் பத்து வேலை நாளுக்குள் ரத்துச் செய்ய அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தில் உரிமை இருக்கு.

"மானியம் முடியப் போகுது, இண்டைக்கே போடுங்கோ" என்பது பாதி உண்மை. மத்திய மானியச் சான்றிதழ்கள் ஒவ்வொரு ஜனவரியும் குறைந்து 2030 கடைசியில் முடியும். மெல்பேணில் 6.6 கிலோவாட்டுக்கு 2026இல் 39 சான்றிதழ், 2030இல் 7. ஆகவே வருடத்துக்கு ஒரு படி இறங்குது, நாளைக்கு இறங்காது. இரண்டு கிழமை எடுத்து மூன்று கோட்டேசன் வாங்கலாம். மாநிலத்தின் சோலார் விக்டோரியாவில் 1,400 டொலர் வரை தனித் தள்ளுபடியும், அதே அளவு வட்டியில்லாக் கடனும் இருக்கு. வீட்டு வருமானம் 210,000 டொலருக்குக் குறைவாக இருக்க வேணும்.

பழைய பனலைக் கழற்றினால் குப்பைக்குப் போட ஏலாது. 2019 ஜூலை 1 முதல் விக்டோரியாவில் இலத்திரனியல் கழிவை நிலத்தில் புதைக்கத் தடை. அகற்றி மீள்சுழற்சிக்கு அனுப்புகிற செலவு கோட்டேசனுக்குள் இருக்கா என்று கேளுங்கோ.

கூரை இல்லாதவர்கள்

இதுவரை எழுதினது எல்லாம் சொந்த வீடு உள்ளவர்களுக்கு. கிரான்பேர்ன், கிளைட் பக்கம் வீடு கட்டின ஆட்களுக்குச் சரி. டண்டினொங் நகருக்குள் வாருங்கோ. கிரேட்டர் டண்டினொங், மெல்பேணில் வருமானத்தில் ஆகப் பின்தங்கிய மாநகரசபைப் பகுதிகளில் ஒன்று. ஸ்டேஷனைச் சுற்றியுள்ள செங்கல் யூனிட்டுகளில் வாடகைக்கு இருப்பவர்களில் எங்கட ஆட்களும் நிறைய, பிரிட்ஜிங் விசாவில் பத்து வருடத்துக்கு மேல் காத்திருப்பவர்கள் உட்பட. அவர்களுக்குக் கூரை இல்லை. 60 சதக் காலத்தில் அந்த 60 சதத்தின் செலவு எல்லாருடைய பில்லிலும் பரவியது, பனல் போட வழி இல்லாதவரின் பில்லிலும்தான். இதை எங்கட பெற்றோரின் தலைமுறை கவனித்திருக்க வாய்ப்பில்லை. நாங்கள் கவனிக்கலாம்.

வாடகை வீட்டுக்கும் அதே 1,400 டொலர் தள்ளுபடியை வீட்டுச் சொந்தக்காரர் விண்ணப்பித்து எடுக்கலாம். உங்கட அப்பா அம்மா ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால், விண்ணப்பிக்க வேண்டியவர் அவர்தான். குடியிருப்பவர் கேட்கப் பயப்படுவார். வாடகை ஏறுமோ எண்டு.

ஜேர்மனியில் பல்கனியில் இரண்டு பனலைத் தொங்கவிட்டு, சாதாரண பிளக்கைச் சுவரில் செருகி, 800 வாட் வரை வீட்டுக்குள் விடலாம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பல்கனிகள் பதிவாகியிருக்கு. வாடகைக்கு இருப்பவர் வீடு மாறும்போது கழற்றிக் கொண்டுபோகலாம். இங்கே வயரிங் விதிகள் அதை இன்னும் அனுமதிக்கவில்லை. கடையில் மலிவாகக் கிடைக்குது எண்டு வாங்கிச் செருகாதேங்கோ, இன்சூரன்ஸும் கைவிடும். விதியை ஏன் மாற்றக்கூடாது, மாற்றினால் ஐம்பது வருடப் பழைய யூனிட்டுகளின் சுவிட்ச்போர்ட் தாங்குமா என்று ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அடுத்த எபிசோட்டில் கதைக்கப் போறோம். யூனிட்டில் வாடகைக்கு இருக்கிற ஆட்கள், உங்கட கேள்விகளையும் பில்லின் முன்பக்கத்தையும், பேரையும் முகவரியையும் மறைத்துவிட்டு, இந்த மெயிலுக்கே பதிலாக அனுப்புங்கோ.